நீலத் துணி, மஞ்சள் துணி

லோகேஸ்வரியிடம் வாடகைக்கு விட நாலு கூடாரம், ஊர் வழக்கில் நாலு கனோப்பி, இருப்பதாகத்தான் மலேசியாவின் பீடோங் வட்டாரம் நினைத்துக்கொண்டிருந்தது. உண்மையில் இருந்தவை இரண்டே; இரண்டும் சேர்ந்து ஒரு செட். மேலே போடும் துணிதான் இரண்டு நிறம்: நல்ல காரியத்துக்கு மஞ்சள், சாவு வீட்டுக்கு நீலம். கீழே நிற்கும் இரும்புக் கால்கள் எல்லாருக்கும் பொது.

இதை ஏமாற்று என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். கையுறைத் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு வந்தபோது கையில் கொடுத்தனுப்பிய தொகையில், பெண்டாங்கில் ஒரு மலாய்க்காரரிடம் பழைய கூடாரம் இரண்டு வாங்கத்தான் முடிந்தது. சாவு வீட்டில் நின்ற கூடாரத்தை எந்தக் கல்யாண வீட்டுக்காரர் வாசலில் விடுவார்? அதனால் தானே துணி வாங்கித் தைத்தாள். ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் கால்களை மஞ்சள் தண்ணீரில் கழுவ வைத்தாள். கழுவுகிறவன் கணவன் தேவன்.

“இரும்புக்கு என்னாடி தீட்டு?” என்பான்.

“இரும்புக்கு இல்ல, மனுசங்க மனசுக்கு. கழுவு லா.”

வாடிக்கையாளர் கூப்பிட்டால், கிடங்கு நிறைய அடுக்கி வைத்திருப்பவள் மாதிரி, “எந்த செட்டு வேணும்ணே?” என்று கேட்பாள். ஒரே நாளில் இரண்டு வீடு கேட்டுவிட்டால், “அன்னிக்கு எல்லா செட்டும் வெளிய போயிருச்சே” என்பாள். யோசித்துப் பார்த்தால் அதில் பொய்யே கிடையாது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் நடராஜா வந்து சேர்ந்தார். கோயில் தலைவர். நல்ல நேரம் பார்க்காமல் காருக்குப் பெட்ரோல்கூடப் போடமாட்டார். பத்து நாள் திருவிழாவுக்கு யாருடைய கூடாரம் என்று முடிவு செய்பவரும் அவரே. அவர் மகள் ரூபினியின் நலங்குக்குக் கூடாரம் கேட்டபோது லோகேஸ்வரிக்குக் கால் தரையில் பாவவில்லை. இதை ஒழுங்காகச் செய்துவிட்டால் திருவிழா அவளுக்கு. திருவிழா கிடைத்தால் நிஜமாகவே இரண்டாவது செட் வாங்கிவிடலாம்.

நலங்குக்கு இரண்டு நாள் முன்பு பிச்சையம்மாள் என்ற கிழவி இறந்துபோனார். நீலத் துணி போனது. வருகிறவர்களுக்கு வழி தெரியவேண்டும் என்று அவருடைய பேரப்பிள்ளைகள் பாட்டியின் படம் போட்டு, பிளாஸ்டிக் உறையிட்ட அட்டை ஒன்றை ஒரு காலில் ஒட்டியிருந்தார்கள். தேவன் அவசரத்தில் அதைப் பிய்க்கவில்லை. காலோடு சேர்த்துப் பிச்சையம்மாளையும் மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டி, மேலே தங்க நிற சாட்டின் துணியைச் சுற்றிவிட்டான்.

சனிக்கிழமை மதியம் மூன்று மணி. ரூபினிக்கு நலங்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். காற்று ஒரு வீசு வீசியது, சாட்டின் நழுவியது. பிச்சையம்மாள் பல் தெரியச் சிரித்தார். படத்துக்குக் கீழே, ‘இறுதி மரியாதைக்கு இந்த வழி.’ அம்புக்குறி நேராக மணப்பெண்ணைக் காட்டியது.

“லோகா!” நடராஜாவின் குரல் உடைந்துவிட்டது. “இது சாவு வீட்டு கனோப்பியா?”

யாரோ பிள்ளைகள் கொண்டுவந்து ஒட்டிவிட்டார்கள் என்று சொல்ல லோகேஸ்வரிக்கு நாக்கு நுனிவரை வந்தது. ரூபினியின் பயந்த முகத்தைப் பார்த்ததும் அது உள்ளேயே போய்விட்டது.

“ஆமாண்ணே. எங்கிட்ட இருக்கிறது ஒரே செட்டுதான். துணிய மட்டும் மாத்துவேன். ஆனா கழுவாம கொண்டாந்ததே இல்லண்ணே.”

“கழட்டு! எல்லாத்தையும் இப்பவே கழட்டு!”

தேவன் முதல் கயிற்றை அவிழ்த்தான். வானம் அதற்காகவே காத்திருந்ததுபோல் மழை கொட்டியது. கழட்டச் சொல்லிக் கத்தியவரும் வேடிக்கை பார்த்தவர்களும் தட்டும் கையுமாகக் கூடாரத்துக்குள் ஓடிவந்தார்கள். கயிறு அவிழ்ந்த மூலையைக் காற்று தூக்கியது. மகள் தலையில் சரிந்துவிடப் போகிறதே என்று நடராஜா பாய்ந்து அந்தக் காலைக் கட்டிப்பிடித்தார். அது பிச்சையம்மாளின் கால். அரைமணி நேரம் கோயில் தலைவரும் கிழவியும் மூக்கோடு மூக்கு வைத்து நின்றார்கள்.

“அப்பா, விட்றாதீங்க!” என்று மஞ்சள் பூசிய முகத்தோடு விழுந்து விழுந்து சிரித்தாள் ரூபினி.

மழை விட்டது. நடராஜா வேட்டி மாற்றப் போனார். அந்த வருடத் திருவிழாவுக்குக் கூடாரம் அலோர் ஸ்டாரிலிருந்து வந்தது. லாரிகள் கோயிலுக்குள் நுழைவதைப் பார்த்த அன்று லோகேஸ்வரி வீட்டுக்கு வந்து வாய்விட்டு அழுதாள்.

ஆனால் கதை ஊரெல்லாம் பரவியிருந்தது. கேட்டுச் சிரித்தவர்களில் பாதிப் பேர், “அந்தப் பாட்டி கனோப்பிதானே?” என்று தேடிக் கூப்பிட்டார்கள். ரப்பர்த் தோட்டத்து வீடுகளில் பிறந்தநாள், வளைகாப்பு என்று சின்னச் சின்னதாகச் சேர்த்து, நலங்கு முடிந்த பத்தாவது மாதம் புது செட் ஒன்று வாங்கிவிட்டாள். பழைய கால்களுக்கு நீலச் சாயம் அடித்து, இனி இவை சாவுக்கு மட்டுமே என்று சாமி படத்தின் முன் கற்பூரம் ஏற்றிச் சொன்னாள்.

அடுத்த மாதம் நடராஜா கூப்பிட்டார்.

“ரூபினிக்கு ஆம்பளப் புள்ள. வர்ற சனிக்கிழமை பேர் வைக்கிறோம்.”

“புது செட்டு இருக்குண்ணே! இன்னும் யார் வீட்டுக்கும் போகல.”

“புதுசு வேணாம். அந்தப் பழசுதான் வேணும். அதுக்குக் கீழ நலங்கு வெச்சு ஒரு வருசம் ஆகல, பேரன் வந்துட்டான். அது எங்களுக்கு ராசியாப் போச்சு.”

“அண்ணே, அது இப்போ சாவுக்கு மட்டுந்தான். நேத்துகூட ஒரு வீட்டுல நின்னுச்சு.”

அந்தப் பக்கம் பஞ்சாங்கத்தின் தாள் புரளும் சத்தம் கேட்டது.

“அதுக்கென்னா? கழுவிட்டுக் கொண்டா லா,” என்றார் நடராஜா. “அப்படியே திருவிழாவப் பத்தியும் பேசணும்.”