பாலாற்று மணலில் அண்ணனின் ரக்பி

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டாகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கண் அயர்ந்தால், ஆற்றுப் பக்கமிருந்து "வுடாத, புடி!" என்று அவர் கத்துவது இன்னும் கேட்கிறது. கனவென்று தெரிந்தும் எழுந்து ஜன்னலைத் திறக்கிறேன். உறவினர்களே, நண்பர்களே, அவரைப் பற்றிப் பொறுமையாகச் சொல்ல எனக்கு வராது. கொஞ்சம் திட்டிக்கொண்டேதான் சொல்வேன்.

அண்ணன் குடியாத்தத்தில் ஓர் ஆசிரியரின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா சீக்கிரமே கர்த்தரிடம் போய்விட்டதால் படிப்பை விட்டு, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் வேலைக்குச் சேர்ந்து, என்னை நர்ஸ் படிக்க வைத்தார். கல்யாணப் பேச்சை எடுத்தால் சிரித்தே நழுவுவார். அவர் கட்டிக்கொண்டது ஒரு ரக்பி கிளப்பைத்தான்.

டி.வி.யில் பார்த்து மயங்கிய ஆட்டம் அது, ரக்பியில் லீக் என்கிற வகை. பக்கத்துக்குப் பதிமூன்று பேர், கோழிமுட்டை வடிவில் பந்து. கம்பெனி ஆட்களை வறண்டு கிடந்த பாலாற்று மணலுக்கு இழுத்துப்போய்ச் சொல்லிக்கொடுத்தார். "முன்னாடி ஓடணும், பந்த பின்னாடிதான் குடுக்கணும்னா, இன்னாபா ஆட்டம் இது?" என்று அவருடைய தோஸ்த் சலீம் பாய் தலையில் அடித்துக்கொண்டாராம். முதல் பந்தை இவர்களே தைத்தார்கள். ஷூவின் மேல்பாகத்துக்குப் போகும் மெத்தென்ற தோல், நல்ல தோலாயிற்றே என்று பெருமை வேறு! இழுத்தால் இழுபடும் தோல் அது. காற்றடிக்க அடிக்க உப்பிப் பூசணிக்காயாகிவிட்டது. தோல் வேலை செய்கிறவர்கள் செய்கிற காரியமா இது?

மாலை வெயிலில் மணல் எழும்ப, பாய் வீட்டுப் பிள்ளைகளும் எங்கள் சபைப் பிள்ளைகளும் கிராமத்துப் பிள்ளைகளும் ஒருவர் மேல் ஒருவர் உருண்டு எழுவார்கள். கரையிலிருந்து பார்த்தால் யார் யாரென்றே தெரியாது. எல்லாருக்கும் மணல் நிறம்.

பிறகு மணல் லாரிகள் வந்தன. ஆறு முழுக்க ஆளுயரப் பள்ளம். மைதானம் கேட்டு அண்ணன் ஏறாத படியில்லை. ஆட வந்தவர்கள் ஒவ்வொருவராக வராமல் நின்றுபோனார்கள். அவர் மட்டும் ஞாயிறுதோறும் பந்தோடு கரையில் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் பொறுக்காமல் சொல்லிவிட்டேன்.

"கிளப்பு போய்ட்ச்சு, வுட்டுத் தொலைண்ணா."

"எடம் கெடச்சா எல்லாரும் வந்துடுவானுங்க பாப்பா. ஒரு ஆட்டம் நடந்துட்டா போதும் எனக்கு."

அண்ணன் சிறுநீரகம் பழுதாகி, நான் வேலை பார்க்கும் வேலூர் மருத்துவமனையில் படுத்தபோதும் இதே பேச்சுதான். அந்த மழைக்காலத்தில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. வெள்ளம் வடிந்ததும் சலீம் பாய் மூச்சிரைக்க வார்டுக்குள் வந்தார்.

"பள்ளமெல்லாம் தூந்துபோச்சுடா! மணலு தட்டு மாதிரி கெடக்குது. வர்ற ஞாயித்துக்கெழம ஆட்டம்!"

அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். பிறகு என்னை வெளியே அனுப்பிவிட்டு இருவரும் ஏதோ பேசினார்கள்.

சனிக்கிழமை காலை அண்ணன் போய்விட்டார். ஞாயிறு மாலை அடக்கம். பெட்டியைத் தூக்கக் கிளப் ஆட்கள் ஒருவரும் வரவில்லை. "இவனுங்களுக்கா இம்மாம் வருசம் ஒழச்சான்?" என்று சித்தப்பா பொருமினார்.

போதகர் ஜெபத்தை முடிக்கும்போது வந்தார்கள், நின்றுபோன பழைய ஆட்கள் அத்தனை பேரும். தலைமுதல் கால்வரை ஈர மணல், முழங்கால்களில் ரத்தம்.

"இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று பாய்ந்தேன்.

சலீம் பாய் விம்மினார். "நான் செத்தாலும் ஆட்டத்த முடிச்சுட்டுதான் வரணும்னு ஒங்கண்ணன் சத்தியம் வாங்கிட்டாம்மா. நாங்க இன்னா பண்றது?"

துணைநின்ற மருத்துவர்களுக்கும் உடன் பணிபுரியும் சகோதரிகளுக்கும் போதகர் ஐயாவுக்கும் சித்தப்பா குடும்பத்தாருக்கும் எங்கள் நன்றி. தாமதமாக வந்தவர்களுக்கு அன்று நான் நன்றி சொல்லவில்லை. அப்போது பெட்டியைக் குழிக்குள் இன்னும் இறக்கியிருக்கவில்லை.

"யாரு ஜெயிச்சது?" என்று கேட்டேன். "அண்ணன் காதுல வுழற மாதிரி ஒரக்கச் சொல்லுங்க."