ஆரஞ்சுக் குச்சி நட்ட குற்றம்

இரண்டு ஆரஞ்சுக் குச்சிகளால் என் நைனாவின் போட் மூன்று நாள் கரையிலேயே கிடந்தது. குச்சிகளை நட்டவன் நான். எதற்கு நட்டாய் என்று ஊர் கேட்டபோது, கோல்ஃப் பழகத்தான் என்று உண்மையைச் சொன்னேன். லைட்ஹவுஸ் குப்பத்தில் அதைவிட மட்டமான பொய்யை யாரும் கேட்டதில்லை என்பது போலப் பார்த்தார்கள்.

காட்டுப்பள்ளித் துறைமுகத்துப் பக்கம் ஒரு கன்டெய்னர் கம்பெனியில் எனக்கு வேலை. மூன்று வருடமாக கான்ட்ராக்ட். துறைமுகம் வேண்டாம் என்று கொடி பிடித்த ஊரிலிருந்து அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவனுக்கு என்ன பெயர் கிடைக்கும்? கம்பெனிக்காரன். கொடி பிடித்தவர்களில் முன்வரிசை என் நைனா. அவருக்கும் நான் கம்பெனிக்காரன்தான். கம்பெனிக்காரனுக்கு மீன் தலை வேணுமா கேளு என்று அம்மாவிடம் சொல்வார். நான் அவர் பக்கத்திலேயே தட்டோடு உட்கார்ந்திருப்பேன்.

எங்கள் மேனேஜர் ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையில் கோல்ஃப் ஆடுவார். ஒருநாள் கேன்டீனில், நீயும் வாயேன் என்றார். மரியாதைக்குச் சொன்னாரா, மனதாரச் சொன்னாரா என்று நான் யோசிக்கவில்லை. நிரந்தரமானவர்கள் எல்லோரும் அந்தப் புல்தரையில் கால் வைத்தவர்கள்தான் என்று ஆபீஸில் ஒரு பேச்சு உண்டு. ஒரு மாதத்தில் வருகிறேன் சார் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கோல்ஃப் மட்டையை அதுவரை கையால் தொட்டதுகூட இல்லை. வகுப்புக்குப் போக நேரமில்லாததால், வீச்சு தானாக வந்துவிடும் என்று படம் போட்டிருந்த சாமான்களையெல்லாம் ஆன்லைனில் வாங்கினேன்.

முதலில் வந்தது ஒரு பட்டை. இரண்டு முழங்கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அதை மாட்டிக்கொண்டு வீட்டுப் பின்பக்கம், நைனா வலை தைக்கும் இடத்துக்கு எதிரே நின்றேன். பேய் ஓட்டுவதற்குக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கிறது என்றாள் அம்மா. பக்கத்து வீட்டு அண்ணி, எலுமிச்சம்பழம் கொண்டுவரட்டுமா என்று உதவிக்கு வந்தாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் மணல் கோணல் என்று சொல்லித் தினம் இடத்தை மாற்றினேன்.

அடுத்தது நடுவில் கீல் வைத்த மட்டை. சரியாக வீசினால் நேராக நிற்கும், தப்பாக வீசினால் மடிந்து தொங்கும். என் கையில் அது நிற்கவே இல்லை. ஒரு காலை என் வீச்சைப் பார்த்துப் பரிதாபப்பட்ட போட் என்ஜின் மெக்கானிக் மாமா, நான் வேலைக்குப் போன நேரத்தில் அதை எடுத்துப் போய், கீலில் வெல்டிங் வைத்து, பெயின்டும் அடித்து வைத்துவிட்டார். மறுநாளிலிருந்து மட்டை மடியவில்லை. வீச்சு தேறிவிட்டது என்று இரண்டு நாள் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசியாக வந்தவைதான் அந்தக் குச்சிகள். கால் எந்தத் திசையில் நிற்க வேண்டும், மட்டை எந்த வழியில் போக வேண்டும் என்று காட்டுவதற்கு. தரையில் படுக்கவைத்தால் காற்று மணலை அள்ளிப்போட்டு மூடியது. அதனால் கரைப்பக்கம் போய் நட்டுவைத்துப் பழகினேன். அந்தத் திங்கட்கிழமை கம்பெனி பஸ் ஹாரன் அடித்ததும் மட்டையை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடினேன். குச்சிகள் மணலிலேயே நின்றன.

எங்கள் கரையில் ஆரஞ்சுக் குச்சிக்கு ஒரே அர்த்தம்தான். முதலில் குச்சி வரும். பிறகு அளக்கிறவர்கள் வருவார்கள். அதற்கும் பிறகு, இந்த இடம் உங்களுடையது என்பதற்கு என்ன ஆதாரம் என்று யாராவது கேட்பார்கள். இதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அந்த நிறத்தைக் கையில் பிடித்தபோதும் எனக்கு உறைக்கவில்லை. நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கும்.

சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் கிராமத்தார் கூடிப் பேசிவிட்டார்கள். ஒரு மாதமாக மட்டை ஆட்டியதெல்லாம் கண்துடைப்பு, பையன் கம்பெனிக்கு இடம் அளக்கிறான். விசாரித்து முடிக்கும்வரை அவன் வீட்டுப் போட் கடலில் இறங்கக் கூடாது. மகன் தப்பு செய்தால் தகப்பன் தொழில் நிற்பது எங்கள் ஊர் வழக்கம். வவ்வால் மீன் நன்றாக விழுந்துகொண்டிருந்த நேரம் வேறு. நைனா திட்டவில்லை. மற்ற போட்கள் போவதைப் பார்த்துக்கொண்டு, கிழியாத வலையைப் பிரித்துப் பிரித்துத் தைத்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சோறு இறங்கியிருக்கும்.

வியாழக்கிழமை மத்தியானம் மீன் ஏலம் விடும் கொட்டகையில் விசாரணை. நான் லீவு போட்டு, எல்லாச் சாமானையும் சுமந்துகொண்டு போனேன். கிராமத் தலைவர் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இது இன்னா வெளையாட்டுனு ஆடிக் காட்டு. அப்பால நம்புறோம்."

பட்டையை மாட்டினேன். குச்சிகளை நட்டேன். வெல்டிங் வைத்த மட்டையை ஓங்கி வீசினேன். மணல் பறந்து கிராமத்தார் முகத்தில் விழுந்தது. பந்து அப்படியே இருந்தது. இன்னொரு முறை வீசினேன். இன்னும் கொஞ்சம் மணல். ஒரு மாதமாகப் பழகியவன் ஒரு தடவைகூட அடிக்கவில்லையென்றால் அவன் பழகவே இல்லை என்றுதானே அர்த்தம் என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். பல தலைகள் ஆடின. அவர் பேச்சில் ஒரு குறையும் எனக்குத் தென்படவில்லை. போட் இனி இறங்காது என்றே நினைத்தேன்.

அப்போதுதான் நைனா எழுந்து வந்தார்.

"நவுரு," என்றார். என் கையிலிருந்த பட்டையைக் கழற்றித் தானே மாட்டிக்கொண்டார். "ரெண்டு மொழங்கையும் ஒட்டியே இருக்கணும். தலை ஆடக் கூடாது. கண்ணு பந்து மேல. இந்தக் குச்சி காலு நிக்கிறதுக்கு. அந்தக் குச்சி மட்டை போற வழிக்கு. ஒரு மாசமா தெனம் பார்க்கிறேன். எல்லாம் தெரிஞ்சுதான் வெச்சுகீறான். அடிக்கத்தான் வரல."

நான் பழகும்போதெல்லாம் வலையிலிருந்து தலையைத் தூக்காத மனிதர் அவர். பழகும்போது என் போனில் போட்டுவைத்த கோல்ஃப் பாட வீடியோ ஒரு வார்த்தை பிசகாமல் அவர் வாயில் வந்தது.

பிறகு காலை அகட்டி, குனிந்து, மட்டையை வீசினார். என்னுடையதைவிடப் பெரிய மணல் அலை எழுந்தது. பந்து நகரவில்லை. மறுபடி வீசினார். தலைவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே கை காட்டி நிறுத்தச் சொன்னார். கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்கார அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அப்பனுக்குத் தப்பாம பொறந்துகீறான்."

கொட்டகையே சிரித்தது. தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். போட் நாளைக்கே இறங்கலாம், குச்சி இனிமேல் கரையில் நிற்கக் கூடாது. மூன்று வருடத்துக்குப் பிறகு இந்த ஊர் என்னை நைனாவின் பிள்ளை என்று சொல்லியிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அழுகையும் வந்தது.

மறுநாள் விடியலில் நைனா அந்தக் குச்சிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கடலில் வலை கிடக்கும் இடம் தெரிவதற்கு மிதவையில் கொடி கட்டுவார்கள். குச்சிகளின் உச்சியில் கறுப்புத் துணியைக் கட்டி, அதற்கு எடுத்துப் போனார். கலர் ரொம்ப தூரத்துக்குத் தெரிகிறது, கம்பெனிக்காரன் உருப்படியாக வாங்கியது இது ஒன்றுதான் என்று அம்மாவிடம் சொன்னாராம்.

ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குப் போனேன். அங்கே மணல் இல்லை. அதனால் புல்லைப் பெயர்த்தேன். நான்காவது முறை புல் பறந்ததும் மேனேஜர் பக்கத்தில் வந்து, குச்சி வைத்துப் பழகினால் வீச்சு நேராகுமே, வாங்கவில்லையா என்று கேட்டார்.

"வாங்கினேன் சார். இப்ப எங்க நைனாகிட்ட இருக்கு."

அவர் முகம் மலர்ந்தது. "அப்பாவும் கோல்ஃப் ஆடுவாரா?"

"ஆடுவாரு சார்," என்றேன். "என்னை மாதிரியே ஆடுவாரு."