தனம் வாயை மூடிக்கொண்டாள்

பிளந்த உதடும் அண்ணமுமாகப் பிறந்தவள் தனம். உதட்டைச் சின்ன வயதிலேயே தைத்துவிட்டார்கள். அண்ணத்தில் ஓட்டை அப்படியே இருந்துவிட்டது. முன்பல் விழுந்து பல் கட்டப் போனபோது, அளவெடுத்தவன் ஓட்டையைக் கவனிக்காமல் அச்செடுக்கும் மாவை அப்பிவிட்டான். அது மூக்குக்குள் ஏறி உறைந்து அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

இப்போது தாம்பரத்தில் வேறு டாக்டர். "சார், மேல ஓட்டை கீது. பஞ்சு வெச்சு அடைச்சுட்டு மாவு வைங்க," என்றாள்.

துணைக்கு வந்த மகள் ரேஷ்மாவிடம் திரும்பினார் அவர். "அம்மா என்ன சொல்றாங்க?"

தனத்துக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "அவளை இன்னாத்துக்குக் கேக்குற? வாய் என்னுது. மூக்கால பேசுனா மனுசி இல்லியா? என்னாண்ட கேளு!" என்றவள், வாயை இறுக மூடிக்கொண்டாள்.

கலக்கி வைத்திருந்த மாவு கிண்ணத்திலேயே கெட்டியாகிப்போனது. டாக்டர் அதைக் கொட்டிவிட்டு அவள் பக்கம் வந்து உட்கார்ந்தார். "சொல்லுங்கம்மா."

முறைத்துக்கொண்டே முதலிலிருந்து சொன்னாள். பஞ்சை அவர் கையில் பார்த்த பிறகுதான் சாய்ந்து வாயைக் காட்டினாள்.