ஐந்தாவது கியருக்கு அளவெடுத்தவர்

கழுத்தில் அளவு நாடா தொங்க, மல்லாந்தபடி பிக்கப் வண்டிக்கு அடியில் நகர்கிறார் தையல்காரர். வெளியே தெரிவது முழங்காலுக்குக் கீழேதான். கடைக்கு யார் வந்தாலும் பின்கட்டுக் கொட்டகை வரை நடந்து வந்து அந்தக் காலிடம்தான் பேசியாக வேண்டும். கோட்டு எப்போது கிடைக்கும் என்று கேட்டால் வலது கால் ஆடும். நாளைக்கு என்று அர்த்தம். இரண்டு காலும் ஆடினால் துணியை இன்னும் வெட்டவே இல்லை.

வண்டி அக்காவுடையது. டீசல் வண்டி, இருபத்தேழு வயது. மேட்டுப் பண்ணைகளில் கறக்கும் பால் முழுவதும் அதில்தான் இறங்கி வருகிறது. இருப்பது நாலே கியர். அதிலும் ஏற்றத்தில் மூன்றாவது நழுவி நியூட்ரலுக்கு ஓடிவந்துவிடும். கியர் ராடுக்கு முழங்காலை முட்டுக்கொடுத்தே இரண்டு வருஷம் ஓட்டிவிட்டாள் அக்கா. வெளியூரிலிருக்கும் மகன் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துப்போகப் பழைய இரும்புக்காரரை வரச் சொல்லிவிட்டான். வண்டி போனால் பால் வேலையும் போகும். அப்புறம் அவனுடைய பதினோராவது மாடி வீடுதான் கதி.

“அங்க போய் நாளெல்லாம் லிஃப்ட்டுல ஏறி எறங்கவா?” என்று தையல்காரத் தம்பியிடம் கேட்டாள்.

தம்பிக்கு அது போதும். “எஞ்சினுக்கு ஒண்ணுமில்லக்கா. அதுக்கு மாட்டியிருக்கிற சட்டைதான் பத்தல” என்று சொல்லிவிட்டு, அன்றே கிளம்பினார். அதே கம்பெனியின் பிந்தைய வேன் ஒன்று உடைபட்டுக் கிடந்த இடத்தில் ஐந்து கியர் பெட்டி இருப்பதாகத் துப்புக் கிடைத்தது.

மெக்கானிக் வேலையை அவர் யாரிடமும் கற்றதில்லை. கழற்றிய போல்ட்டுகளைப் பொத்தான்களைப் போல அட்டையில் வரிசையாகக் குத்தி, சுவரில் மாட்டுவார். வெட்ட வேண்டிய இரும்பில் தையல் சுண்ணக்கட்டியால் கோடு போடுவார். புதிய கியர் ராடு நாலு அங்குலம் பின்தள்ளி வரும் என்று தெரிந்ததும் தரைத்தகட்டில் ஓட்டை போட்டு, ராடுக்குத் தோலில் இரட்டைத் தையல் உறையும் தைத்துவிட்டார். பெட்டி வந்து சேர்ந்ததோ மறுநாள்தான். ஆளே வரவில்லை, அதற்குள் கோட்டு ரெடி என்று அக்கா தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

வியாழக்கிழமை சிரிப்பு நின்றது. புதிய பெட்டி நீளம் கூடுதல். அதனால் அதிலிருந்து பின்சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்ட்டைக் குறைக்க வேண்டும். மூன்று முறை அளந்து, லேத்துப் பட்டறையில் வெட்டிப் பற்றவைத்து வாங்கி வந்து மாட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது. ஜாக்கியை இறக்கினார். சக்கரம் தரையைத் தொட்டு, பின்பக்க வில்பட்டைகள் அமுங்கியதும் ‘ணங்’ என்று ஷாஃப்ட் முட்டிக்கொண்டு நின்றது. ஒன்றேகால் அங்குலம் அதிகம். மறுபடி ஜாக்கியில் ஏற்றி அளந்தார். அளவில் தப்பே இல்லை.

கவிழ்த்த பால் கேனின் மேல் உட்கார்ந்திருந்த அக்கா மெதுவாகக் கேட்டாள்:

“ஏண்டா, நீ அளக்கறப்ப சக்கரம் எங்க இருந்துச்சு?”

“அந்தரத்துல.”

“உன் கடைக்கு வர்றவங்களையும் உத்தரத்துல தொங்கவிட்டுத்தான் அளவெடுப்பியா?”

வண்டிக்கடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களும் குலுங்க ஆரம்பித்தன. சிரித்து முடித்து வெளியே வந்தபோது காது வரை க்ரீஸ். நல்லவேளை, துணியைப் போலவே இரும்பிலும் கூடியிருந்தால் வெட்டலாம். குறைந்திருந்தால் தொலைந்தது என்றார். வண்டியைத் தரையில் நிறுத்தி, பின்னால் தண்ணீர் நிரப்பிய பன்னிரண்டு கேன்களை ஏற்றச் சொன்னார். “சாப்பிட்டுட்டு வந்து நின்னாத்தான் இடுப்பளவு சரியா வரும்” என்பது அவர் கட்சி. அந்தச் சுமையோடுதான் ஐந்தாவது முறை அளந்து, ஷாஃப்ட்டை மறுபடி வெட்டி வாங்கி மாட்டினார்.

சனிக்கிழமை மதியம் அதே பன்னிரண்டு கேன்களோடு ஏற்றத்துக்குப் புறப்பட்டார்கள். அக்கா ஓட்டினாள். பக்கத்தில் இருந்தவர் இல்லாத கிளட்சைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தார். செங்குத்தான வளைவில் மூன்றாவதைப் போட்டாள். வளைவு முடிந்தது; அடுத்ததும் முடிந்தது. கியர் போட்ட இடத்திலேயே நின்றது.

“நாளைக்கு அந்த இரும்புக்காரர வர வேணாம்னு சொல்லிடு” என்றாள் அக்கா, ரோட்டைப் பார்த்தபடியே.

மேலே சமதளம் வந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டார். தைத்துக் கொடுத்ததைத் தள்ளி நின்று பார்த்தால்தான் துணி விழுகிற அழகு தெரியுமாம். அக்கா ஒரு மைல் போய்த் திரும்பினாள். முதலில் சத்தம்தான் வந்தது. ஏறி ஏறி, ஒரு கணம் தணிந்து, பிறகு அலட்டலே இல்லாத சீரான முனகலாக மாறியது. வண்டி அவரை நெருங்கியபோது ஜன்னலுக்கு வெளியே ஐந்து விரல்கள் விரிந்து நீண்டிருந்தன. வேகம் குறையவில்லை. தம்பியை ஏற்றிக்கொள்ளும் யோசனையே அக்காவுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

அவர் ரோட்டைவிட்டு இறங்கி, இடுப்பை வளைத்து, விருந்தாளியை வீட்டுக்குள் அழைப்பதுபோல் ஒரு கையை நீட்டி வழிவிட்டார்.