பஸ்ஸில் ஊர் சுற்றிய பூமி உருண்டை

பள்ளி அதிபரான பிறகு விஜயகலா டீச்சர் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட வித்தை ஒன்றுதான்: கூட்டத்துக்கு முதல்நாள் இரவல் வாங்குவது.

ஓப்பநாயக்கப் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலை அதிபர்கள் மாதம் ஒருமுறை ஒருவர் பள்ளியில் கூடி, தங்கள் குறைகளைப் பேசி, ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டும். 2004இல் மேலிடம் போட்ட உத்தரவு. எந்த அதிபர் குறையைச் சொல்லுவார்? "எனக்கு வேலைமேல ஆசை ஜாஸ்திங்க, அதுதான் என் குறை" என்பார் நாகலிங்கம் சேர். மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டே பட்டிஸைத் தின்று முடிப்பார்கள்.

கூட்டம் எந்தப் பள்ளியிலோ, இன்னோர் அதிபரான முக்தார் சேருடைய பூமி உருண்டை முதல்நாளே அங்கே போய் மேசையில் உட்கார்ந்துவிடும். நாகலிங்கம் சேருடைய திரைச்சீலைகளும் கூடவே போகும். பஸ்ஸில் அலைந்து அலைந்து ஆப்பிரிக்கா நசுங்கியிருந்ததால் உருண்டையை எல்லோருக்கும் அடையாளம் தெரியும். இருந்தும் மாதாமாதம் புதிதாகப் பார்ப்பதுபோல் பாராட்டுவார்கள். வெட்கமாவது மண்ணாவது.

இந்த மாதம் விஜயகலா டீச்சரின் முறை. உருண்டை வந்தது, சீலை வந்தது. ஒரு வருடமாக வராதது கணித ஆசிரியர்தான். டிசம்பரில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டும். கணக்கில் கோட்டைவிட்டால் கொழும்பில் யாருடைய கடையிலாவது சாமான் கட்ட வேண்டியதுதான். முக்தார் சேரிடம் கணிதத்துக்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஆனால் ஒரு குறையுமில்லை என்று மாதக்கணக்கில் அளந்த வாயால் எப்படிக் கேட்பது?

நாகலிங்கம் சேர் உருண்டையை ஒரு சுற்று சுற்றிவிட்டார். "ஒங்க ஸ்கூலுக்கு என்னங்க குறை?"

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தொங்குறது ஒங்க சீலை சேர். உருண்டை முக்தார் சேரோடது. எங்களோடதுன்னா, கணக்கு வாத்தியார் இல்லாத வகுப்புதான். இத்தனை மாசமா நான் சொன்னதெல்லாம் பொய்ங்க."

மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. இனித் தன்னை எவர் மதிப்பார் என்று டீச்சருக்குத் தோன்றியது.

"எங்க ஸ்கூல்ல விஞ்ஞானத்துக்கு ஆளில்லீங்க" என்றார் நாகலிங்கம் சேர், சீலையைப் பார்த்தபடி. பிறகு யாரையும் நிறுத்த முடியவில்லை. கூரை ஒழுகுகிறது என்றார் ஒருவர். தன் ஆசிரியர்களைக் கண்டாலே பயம் என்றார் இன்னொருவர். பிளேன்டீ ஆறிப்போனது.

முக்தார் சேர் மட்டும் தன் குறை எதையும் சொல்லவில்லை. கிளம்பும்போது டீச்சர் உருண்டையைத் துடைத்து நீட்டினார். அவர் கை நீட்டவில்லை.

"புதன்கிழமையிலேர்ந்து எங்க ஆஸியா டீச்சர் வாரத்துக்கு ரெண்டு நாள் இங்க வந்து கணக்குப் படிப்பிப்பாங்க" என்றார். "உருண்டையும் இங்கயே இருக்கட்டும். எங்க பிள்ளைகள ஒரு நாளும் அதத் தொட விட்டதில்ல நான்."