சேவியரின் எஞ்சினில் ஊற்றிய சாதா ஆயில்

சேவியர் வாங்கி வந்த ஆயிலை நான் ஊற்றவில்லை. என் ஆயிலை ஊற்றினேன். ஊற்றியதை மறைத்தேன். இன்றுவரை மறைத்துக்கொண்டிருக்கிறேன்.

போதுமா? இதைக் கேட்கத்தானே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்!

யார் இந்தக் கிழவன் என்று முகம் சுளிக்காதீர்கள். பட்டினப்பாக்கம் மணலில் நின்று “நைனா பட்டறை எங்கே?” என்று கேட்டுப் பாருங்கள், நண்டுகூட வழி காட்டும். மூன்றாம் வகுப்பு தாண்டாதவன் நான். கிண்டியில் ஒரு லேத்துப் பட்டறையில் இரும்புத் தூள் பெருக்கி வளர்ந்தவன். இன்று மந்தைவெளியில் எனக்கு மாடி வீடு இருக்கிறது. எஞ்சினைத் திறக்காமலே, ஓடும் சத்தத்தைக் கேட்டு, இன்ன இடத்தில் இன்ன கோளாறு என்று சொல்வேன். டாக்டருக்கு ஸ்கேன் வேண்டும்... எனக்குக் காது போதும்!

இந்தப் பெருமைதான் எல்லாவற்றுக்கும் வேர். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. புது எஞ்சினுக்கு முதல் ஆயில் என் கையால்தான் ஊற்ற வேண்டும். ஊற்றும்போது படகுக்காரன் படகின் முன்முனைக்குப் போய் விளக்கோ மெழுகுவத்தியோ ஏற்ற வேண்டும். நான் “ஆச்சு” என்று சொல்லும்வரை ஒருவரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் எஞ்சினுக்குக் கண் பட்டுவிடுமாம்!

யார் சொன்ன சாஸ்திரம் இது? நான்தான் சொன்னேன். எனக்குக் கை நடுங்கத் தொடங்கிய காலத்தில், ஆயில் வெளியே சிந்துவதை எவனும் பார்த்துவிடக் கூடாது என்று நானே கட்டிவிட்ட கதை. குப்பமே அதை வேதமாக்கிவிட்டது. நான் என்ன செய்ய?

சேவியர் பழைய படகை விற்றுவிட்டுப் புதுப் படகும், அதன் பின்னால் மாட்ட ஒரு நாலு ஸ்ட்ரோக் எஞ்சினும் வாங்கினான். அவன் அப்பனின் எஞ்சினையும் நான்தான் பார்த்தேன். அந்த உரிமையில் என் ஆயில் டப்பாவைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவனோ ராயப்பேட்டையில் ஆயில் கடை வைத்திருக்கும் தினேஷையும், பளபளவென்று ஒரு கேனையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றான்!

“இது சிந்தெடிக், பெரியவரே” என்றான் தினேஷ். “எவ்ளோ சூடானாலும் நீர்த்துப் போகாது. சாதா ஆயில் மாதிரி அடிக்கடி மாத்த வேணாம். ரெண்டு மடங்கு நேரம் ஓடும்.”

“தம்பி, நீ கடலுக்குப் போயி எத்தினி வாட்டி வாந்தி எடுத்துக்கீற?” என்றேன். கூட்டம் சிரித்தது.

“நான் எடுக்கல பெரியவரே. உங்க ஆயில குடிக்கிற எஞ்சினுங்கதான் வாந்தி எடுக்குதாம்.”

கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. சிரிக்கட்டும்! ஆனால் சேவியரும் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்... அந்தச் சிரிப்பை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? சொல்லுங்கள்!

“இன்னா நைனா கோச்சிக்கினியா? இந்தா, உன் கையாலயே ஊத்து. கைராசி உன்னுதுதான்” என்று கேனை என்னிடம் நீட்டினான்.

தினேஷையும் இழுத்துக்கொண்டு முன்முனைக்குப் போனான். மாதா படத்துக்கு முன் மெழுகுவத்தியைக் கொளுத்தினான். காற்றுக்கு அது அணைந்து அணைந்து போயிற்று. இருவரும் கைகளைக் குவித்து அதைக் காத்துக்கொண்டு நின்றார்கள். முதுகுகள் மட்டும் எனக்குத் தெரிந்தன.

நான் அந்தக் கேனை என் சாமான் சாக்குக்கு அடியில் தள்ளினேன். என் டப்பாவைத் திறந்து, சாதா ஆயிலை ஊற்றினேன். அன்றைக்குப் பார்த்து ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை!

“ஆச்சு!” என்றேன்.

என்ன நினைத்து ஊற்றினேன்? எஞ்சின் நன்றாக ஓடட்டும், பிறகு எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லித் தினேஷின் மூக்கை உடைக்கலாம் என்று நினைத்தேன். சத்தியமாகக் கெடுதல் நினைக்கவில்லை. என் ஆயில் நல்ல ஆயில்! காலத்தில் மாற்றினால் தலைமுறைக்கும் எஞ்சினைக் காப்பாற்றும்!

எஞ்சின் ஓடியது. எப்படி ஓடியது தெரியுமா? ஆனால் பேர் யாருக்குப் போயிற்று?

“சிந்தெடிக்குன்னா சிந்தெடிக்குதான் நைனா! எஞ்சின் பூனக்குட்டி மாரி கீது!” என்று சேவியர் கரை முழுக்கத் தம்பட்டம் அடித்தான். டேய், அது என் ஆயிலடா! என் டப்பாவடா! தொண்டைவரை வந்தது. அதற்குள் அவன் பேச்சைக் கேட்டுப் பாதிக் குப்பம் ராயப்பேட்டைக்குப் போய்விட்டது. இப்போது சொன்னால் மூக்கு உடைவது தினேஷுக்கா, எனக்கா? கொடுத்ததை ஊற்றாத மெக்கானிக்கிடம் நாளைக்கு எவன் எஞ்சினைத் தருவான்? விழுங்கிவிட்டேன்.

பிறகு ஆயில் மாற்றும் காலம் வந்தது. என் ஆயிலுக்கு உரிய காலம். சேவியர் மாற்றவில்லை.

டீக்கடையில் அவனைப் பிடித்தேன். “டேய், ஆயில மாத்துடா.”

“இன்னா நைனா, அதுக்குள்ள இன்னா அவசரம்? இது இன்னா உன் சாதா ஆயிலா?”

“கறுத்துப் பூட்ச்சுடா. ஆயில் குச்சிய உருவிப் பாரு.”

“பாத்தேனே. நல்ல ஆயிலு அழுக்கெல்லாம் இழுத்துக்குமாம், அதான் கறுப்பாக் கீதாம். தினேஷு சொல்லிக்கிறான். இன்னும் பாதி நேரம் ஓட்லாம். உனக்குப் பொறாம நைனா!”

டீக்கடையே சிரித்தது. அவன் பேசியதில் தப்பில்லை என்பதைக் கவனியுங்கள். அவன் வாங்கிய ஆயிலுக்கு அவன் போட்ட கணக்கு சரி. எஞ்சினுக்குள் இருந்த ஆயில்தான் வேறு!

ஒரே ஒரு வாக்கியம். ‘உள்ளே இருப்பது என் ஆயிலடா.’ அவ்வளவுதான். ஊரில் எவன் எஞ்சினுக்கு என்ன நோய் என்று கூசாமல் கத்துகிற இந்த வாய்... அன்றைக்கு டீ கிளாசுக்குள் புகுந்துகொண்டது. கிளாசைக் கீழே வைத்துவிட்டு, “எக்கேடோ கெட்டுப் போ!” என்றேன்.

அவன் இரண்டு காலாலும் நடந்த காலத்தில் நான் அவனிடம் கடைசியாகச் சொன்ன சொல் அது.

அவனுக்குத் தெரியாமல் நானே மாற்றியிருக்கலாமே என்கிறீர்களா? எஞ்சினைக் கழற்றித் தோளில் தூக்கிப்போய், கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறவனிடமா? யோசனை சொல்ல வந்துவிட்டீர்கள்!

அடையாற்று முகத்துவாரத்தில் எஞ்சின் உள்ளே இறுகிப் பிடித்து நின்றுவிட்டது. மீனோடு திரும்பும்போது, அலை உடைகிற இடத்தில். எஞ்சின் நின்றால் அங்கே படகு அலைக்கு விலா காட்டும். காட்டியது. ஒரே அலை... படகு அவன் இடுப்பின்மேல் கவிழ்ந்தது.

உயிர் பிழைத்தான். இடது கால் பிழைக்கவில்லை. இன்றைக்கும் அதை இழுத்துக்கொண்டுதான் நடக்கிறான்.

எஞ்சினை என்னிடம்தான் கொண்டுவந்தார்கள். மணலில் குப்பமே கூடி நிற்க, திறந்தேன். உள்ளே தார்! என் ஆயில், என் கண்ணெதிரே, தாராகிக் கிடந்தது. தினேஷ் எங்கிருந்தோ ஓடி வந்தான். அதை விரலில் தொட்டுத் தேய்த்தான். முகர்ந்தான். என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“நான் குடுத்த ஆயில் இப்பிடி ஆகாது பெரியவரே...” என்றான் மெதுவாக.

அவன் கண்ணுக்கு நான் பயந்தேன். பயந்தவன்தான் பெரிதாகக் கத்துவான். “பாத்துக்கோங்கடா! இதாண்டா உங்க சிந்தெடிக்கு!” என்று கத்தினேன்.

என் வாக்கு அங்கே சட்டம். அவன் சட்டையைப் பிடித்தார்கள். தள்ளினார்கள். அவன் ஏதேதோ சொன்னான், எவன் கேட்டான்? அன்றிலிருந்து குப்பத்தில் ஒருவனும் அவனிடம் ஆயில் வாங்குவதில்லை. என் பட்டறையில் கூட்டம் நெரிகிறது!

சேவியர் இப்போது கோட்டூர்புரத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் வாட்ச்மேன். நடக்கத் தொடங்கியதும் முதல் வேலையாகப் பட்டறைக்கு வந்தான். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“உன் பேச்சக் கேக்காம பூட்டேன் நைனா. பொறாமன்னு வேற சொல்டேன். மன்னிச்சிக்க.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? “சரி விடுடா” என்று... அவனை மன்னித்தேன்! நான்! அவனை!

அடப் பாவி என்கிறீர்களா? உரக்கச் சொல்லுங்கள். என் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல இந்த ஊரில் ஒரு ஆள் இல்லை.

போன வாரம் மறுபடி வந்தான். அவன் மச்சான் புது எஞ்சின் வாங்கியிருக்கிறான். “நைனா, உன் சாதா ஆயிலயே ஊத்து. வேற எத்தயும் இவன் கண்ல காட்டாத” என்றான் சேவியர். காலை இழுத்துக்கொண்டு மணலில் முன்முனை வரை நடந்தான். மெழுகுவத்தியைக் கொளுத்தி மச்சான் கையில் கொடுத்தான். ஏதோ கேட்பதற்காக மச்சான் என் பக்கம் திரும்பினான்.

சேவியர் அவன் தோளைப் பிடித்துக் கடலைப் பார்க்கத் திருப்பினான்.

“திரும்பாத மச்சான். நைனா ஊத்துறப்ப பாக்கக் கூடாது. எஞ்சினுக்கு ஆவாது.”

பட்டறையில், என் சாமான் சாக்குக்கு அடியில், தினேஷின் அந்தக் கேன் இன்னும் இருக்கிறது. சீல் உடைக்காமல். நான் என் டப்பாவை எடுத்தேன். கேட்ட ஆயிலைத்தான் ஊற்றினேன். கை நடுங்கியது. ஆயில் எஞ்சின் மேலும், என் காலிலும், மணலிலும் வழிந்தது. ‘ஆச்சு’ என்று சொல்லாமல் நின்றுகொண்டே இருந்தேன். எவனாவது ஒருவன் திரும்பிப் பார்க்கட்டும் என்று...

திரும்புங்களேண்டா! பாருங்களேண்டா!

இரண்டு முதுகுகளும் அப்படியே நின்றன.