நல்ல கால் தாண்டிய தூரம்

தேசிய மகளிர் கால்பந்து அணியில் அவருக்குக் கட்டுக்காரர் என்று பெயர். பத்தொன்பது ஆண்டுகளாக முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் கட்டுப் போட்டவரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? சட்டையில் 'பிசியோ' என்று அச்சடித்திருந்ததை யாரும் சட்டை செய்யவில்லை. அவர் கை எப்போதும் தைலம் மணக்கும். "உங்க கையால தண்ணி வாங்கிக் குடிச்சாலே சுளுக்கு விட்டுடும்" என்பாள் மனைவி. நேர்மையான மனிதர். அதைவிட, நேர்மையானவர் என்ற பெயருக்காக உயிரையே விடுகிற மனிதர்.

அந்தப் பெயருக்காகத்தான், அக்கா மகள் அணிக்கு வந்த முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார். "இங்க நான் உனக்கு மாமா இல்ல. சார்னுதான் கூப்பிடணும்."

மூன்று வருடமாக அவளும் சார் என்றே கூப்பிட்டாள். மூன்று வருடமாகப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் ஆட வேண்டிய இடத்தில் புயல் ஆடினாள். புயல் என்பது ஜனங்கள் செல்லமாக வைத்த பெயர். பேருந்துகளின் முதுகில்கூட அவள் முகம்தான்.

பெரிய போட்டிக்கு ஆறு வாரம் இருக்கும்போது புயலின் இடது முழங்காலில் தசைநார் பாதி கிழிந்தது. அடிபட்டவர்களைச் சேர்க்க அணியில் ஒரு சோதனை உண்டு. நல்ல காலால் ஒருமுறை, அடிபட்ட காலால் ஒருமுறை, ஒற்றைக் காலில் தாண்ட வேண்டும். நல்ல கால் போன தூரத்தில் பத்தில் ஒன்பது பங்கை அடிபட்ட கால் தொட்டால் போதும்.

சோதனையன்று உடற்பயிற்சிக் கூடத்தில் தேர்வுக்குழுத் தலைவரும் பயிற்சியாளரும் நின்றார்கள். ஓரமாக அக்கா மகள். கட்டுக்காரர் மண்டியிட்டு அளந்தார். வலது கால் நூற்று நாற்பது சென்டிமீட்டர். இடது கால் நூற்று முப்பது.

"ஒன்பது பங்குக்கு மேலயே வருதே. அப்புறம் என்ன, கையெழுத்துப் போடுங்க" என்றார் தலைவர்.

கட்டுக்காரர் அளவு நாடாவை மறுபடி பார்த்தார். வருடத் தொடக்கத்தில் இதே தரையில் இதே வலது கால் நூற்று எழுபத்தைந்து தாண்டியிருந்தது. அவர்தான் அளந்தார். அப்படியானால் இடது கால் தேறிவிட வேண்டுமென்று நல்ல காலை வேண்டுமென்றே குறைத்துத் தாண்டியிருக்கிறாள், பாவி. நிமிர்ந்து பார்த்தார். புயல் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாயைத் திறந்தால் புயல் வெளியே, அக்கா மகள் உள்ளே. மருமகளுக்காக மாமன் போட்ட நாடகம் என்று கண், காது, மூக்கு வைத்துப் பேசுவார்கள். பத்தொன்பது வருடப் பெயர் ஒரே நாளில் நாறிவிடும். பேசாமல் கையெழுத்துப் போட்டார்.

போட்டி நாள். உடை மாற்றும் அறையில் புயலின் இடது முழங்காலுக்குக் கட்டுப் போட்டார்.

"இன்னும் இறுக்குங்க சார்."

"இதுக்கு மேல இறுக்கினா ரத்த ஓட்டம் நின்னுடும்மா."

"தொண்ணூறு நிமிஷம்தானே சார்."

அவர் கட்டைவிரலுக்கு அடியில் மூட்டு லேசாக நழுவித் திரும்பியது. நழுவக் கூடாத பக்கம். அவர் கை நின்றது. பிறகு அதன் மேலேயே அடுத்த சுற்றைச் சுற்றினார்.

"மாமா."

அந்த அறையில் யாரும் கேட்டிராத சொல். அக்கா மகள் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள்.

"வருஷ ஆரம்பத்துல நூத்தி எழுபத்தஞ்சு. அன்னிக்கும் நான் அங்கதான் நின்னேன். நான் சொன்னா பொறாமைன்னுடுவாங்க. நீங்க சொல்லியிருக்கலாம் மாமா. எனக்காக இல்ல. அவ காலுக்காக."

புயல் தலையைக் குனிந்துகொண்டாள். பயிற்சியாளர் காதில் விழாதவர்போல் கதவைத் திறந்தார். வெளியே ஆயிரக்கணக்கானோர் புயல், புயல் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்து, கட்டுப் போட்ட காலை மெல்ல ஊன்றிப் பார்த்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் போனாள்.

கட்டுக்காரர் மூலையில் கிடந்த ஸ்ட்ரெச்சரைத் தானே இழுத்து வந்து மைதானக் கோட்டோரம் போட்டார். ஆட்டம் தொடங்க இன்னும் நாலு நிமிடம் இருந்தது. குனிந்து அதன் வார்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து வைத்தார்.